கர்தினால் லோவுக்கு ரோமில கிடைச்சது தண்டனையோ, பதவியோ?

பாசையூரான்:
ஞாயிறு பூசை முடிஞ்சு வெளியில நிண்டு கதைக்கேக்க அமெரிக்காவில பொஸ்ரன் கர்தினாலா இருந்த பேர்னாட் லோவின்ர கதை வந்தது, சிறுவரைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்த குருமாரை விலத்தாமல் பங்கு மாத்தினவர் எண்டு. எல்லாரும் ஒரேயடியாத் திட்டினம். அறுபதுகளில மிசிசிப்பியில மறைமாவட்டப் பத்திரிகை ஆசிரியரா இருந்து, கறுப்பினச் சனத்துக்காக எழுதிக் கொலைமிரட்டல் வாங்கின மனிசன். 1984இல பொஸ்ரன் பேராயர், அடுத்த வருசம் கர்தினால். ஒரு பிழைக்காக அவ்வளவையும் அழிச்சுப்போடலாமோ?

இளவாலை மேரி:
ஒரு பிழையோ அண்ணை? ஜோன் கேகன் எண்ட ஒரு குருவானவரைப் பற்றி மட்டும் 130 பேருக்கு மேல பாலியல் துஷ்பிரயோக முறைப்பாடு. ஒரே குடும்பத்துப் பெடியள் ஏழு பேரை அவர் கெடுத்ததை அவையின்ர சொந்தக்கார அம்மா ஒராள் 1984 செப்டெம்பரில லோவுக்கு எழுதினவ. கடிதம் கிடைச்சது, பதிலும் போனது. நவம்பரில கேகனைப் பொஸ்ரனுக்குக் கிட்ட வெஸ்ரன் ஊரில புனித ஜூலியா கோயில் பங்குக்கு மாத்தினவை. டிசம்பரில துணை ஆயர் டார்சி இந்த மாத்தல் சரியில்லை எண்டு லோவுக்கே எழுதினார். அதுக்குப் பிறகும் கேகன் அங்கதான். என்ன பொறுப்புத் தெரியுமோ? பூசைக்கு உதவுற பெடியள்.

பாசையூரான்:
தங்கச்சி, 'சுகம் வந்திட்டுது, வேலைக்கு விடலாம்' எண்டு டொக்டர்மார் எழுதிக் குடுத்தவை. ஆயருக்கு மனநோய் வைத்தியம் தெரியுமோ? சிறுவர் துஷ்பிரயோகத்தைக் குருமார் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேணும் எண்ட சட்டமே பொஸ்ரன் இருக்கிற மசசூசெட்ஸ் மாநிலத்தில 2002இலதான் வந்தது. மாநிலச் சட்டமா அதிபர் விசாரிச்சும் லோவில வழக்குப் போடேல்லை.

குருநகர்ப் பெடியன்:
வழக்குப் போட இடமில்லை எண்டதும் செய்தது சரி எண்டதும் ஒண்டில்லை. 1989இல கேகனைப் பங்கில இருந்து விலத்தி, 'சுகயீன விடுமுறை' எண்டு வைச்சு, அதே வருசம் அதே பங்குக்கு அனுப்பினவை. 1996இல அவர் ஓய்வு பெறேக்க, பயனுள்ள குருத்துவ வாழ்வு, நோயால கெட்டுப்போச்சு எண்டு லோ கடிதம் எழுதினார். நோயாம்!

ஒண்டு சொல்லுறன். நான் பூசைக்கு உதவின காலத்தில எங்கட சுவாமி ஒருத்தர் வருச நடுவில திடீரெண்டு மாத்தலாகிப் போனார். மாலை போட்டு, பான்ட் அடிச்சு அனுப்பினம். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. காரணம் ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம், பழி போட வரேல்லை. ஆனா அம்மம்மா சுவாமி வந்தா கதிரைக்கு வெள்ளை விரிச்சுத்தான் இருத்துவா. அந்த வீட்டில எந்தப் பெடியன் வாய் திறப்பான்?

பாசையூரான்:
வெள்ளை விரிக்கிறது மரியாதை. அதில ஏன் கைவைக்கிறீர்? லோ கடைசியில விலகினவர்தானே.

இளவாலை மேரி:
எப்ப விலகினவர்? 2002 ஜனவரியில பொஸ்ரன் குளோப் பத்திரிகை எல்லாத்தையும் வெளியில கொண்டுவந்தது. அவற்ர சொந்தக் குருமாரே 58 பேர் விலகச் சொல்லிக் கையெழுத்து வைச்ச பிறகு, டிசம்பர் 13. 2004இல ரோமில புனித மரியா மஜோரே பேராலயத்துக்குத் தலைமைக் குருவாக்கினவை. அடுத்த வருசம் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் செத்த பிறகு நடந்த துக்கப் பூசையில ஒண்டை அவரே நிறைவேற்றினார். இதுவோ தண்டனை?

குருநகர்ப் பெடியன்:
பொஸ்ரனிலயோ, பாதிக்கப்பட்ட 552 பேருக்கு 85 மில்லியன் டொலர் நட்டஈடு குடுக்க 2003இல ஒத்துக்கொண்டவை. அதுக்காகப் பேராயர் இல்லத்தையும் காணியையும் வித்தவை.

பாசையூரான்:
2017இல லோ செத்தபோது புனித பேதுரு பேராலயத்தில பிரான்சிஸ் பாப்பரசரே கடைசி ஆசீர் குடுத்தார். ரோமில இருக்கிற கர்தினால்மாருக்கு அது வழமை, அதைப் பெருசாக்காதேங்கோ. மாத்தல் விசயம் மட்டும்... ம்ம், டார்சி ஆயரின்ர கடிதம் எனக்குத் தெரியாது. அதுக்கு டொக்டர்மாரைச் சாட்டேலாது.

என்ர பேரன் வாற கிழமை பீடத்தில உதவிக்குச் சேருறான். மறிக்கச் சொல்லுறியளோ?

இளவாலை மேரி:
ஏன் மறிக்கிறியள்? விடுங்கோ. சுவாமி உடுப்பு மாத்திற அறைக் கதவு திறந்து கிடக்குதோ எண்டு மட்டும் பாருங்கோ.

பாசையூரான்:
அதுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி இருக்கு. ஞாயிறு பார்த்திட்டுச் சொல்லுறன்.