லைசோசோமுக்குள் பிஎச் எப்படி அளக்கிறார்கள்?

பாளைமாணவி:
பாளையங்கோட்டையில் எம்எஸ்சி வேதியியல் படிக்கிறேன். எங்கள் லேபில் அமிலத்தன்மையின் எண்ணான பிஎச்சை அளக்கும் மீட்டரின் எலக்ட்ரோடு விரல் தண்டி இருக்கும், தாமிரபரணித் தண்ணீரை பீக்கரில் எடுத்து முக்கினால் வேலை முடிந்தது. ஆனால் செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சின்னப் பையான லைசோசோமின் பிஎச் 4.5லிருந்து 5 வரை என்று பாடத்தில் வருகிறதே, அதற்குள் எதை விட்டு அளந்தார்கள்? இன்னொரு குழப்பம்: 100 நானோமீட்டர் விட்டமுள்ள பைக்கு பிஎச் 4.5 என்று கணக்குப் போட்டால் தனி புரோட்டான் (அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி) பத்துதான் தேறுகிறது. பிஎச் 7 என்றால் ஒன்றுகூட வரவில்லை. அப்புறம் அளப்பது எதைத்தான்?

அம்பைஅண்ணாச்சி:
கணக்கு சரிதான் தங்கச்சி. ஆனால் சென்சாராக உள்ளே விடும் சாயம் புரோட்டானை எண்ணுவதில்லை. உள்ளே இருக்கும் புரதங்களில் அந்தப் பத்தைவிடப் பல மடங்கு ஒட்டிக்கிடக்கிறது, ஏறுவதும் இறங்குவதுமாக. சாய மூலக்கூறின் மேல் சராசரியாக எவ்வளவு நேரம் ஒரு புரோட்டான் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் நமக்குக் கிடைப்பது.

பாடத்தில் வரும் எண்ணுக்கு 1978லேயே வழி பிறந்துவிட்டது. ஒகுமா, பூல் என்ற ஆய்வாளர்கள் ஃப்ளோரசீன் என்ற ஒளிரும் சாயம் கட்டிய டெக்ஸ்ட்ரானை (ஒரு சர்க்கரைச் சங்கிலி) மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களுக்கு ஊட்டினார்கள். செல் அதை விழுங்கி லைசோசோமில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டு அலைநீளத்தில் ஒளியூட்டினால் பிஎச்சுக்கேற்ப ஒளிர்வு வெவ்வேறு அளவில் மாறும்; அந்த விகிதம் பார்த்தால், சாயம் எவ்வளவு போனது என்ற கவலை இல்லை.

தென்காசிஅக்கா:
யமுனா கிருஷ்ணன் குழு 2009இல் பெங்களூரு என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் செய்ததையும் அவசியம் படி, எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. சென்சாரே டிஎன்ஏ. சைட்டோசின் மிகுந்த இழை அமிலத்தில் மடங்கும், ஏனென்றால் இரண்டு சைட்டோசின் ஒரு புரோட்டானைப் பங்குபோட்டுப் பிடித்துக்கொள்கின்றன. மடங்கியதும் இரு முனைச் சாயங்களும் நெருங்கி, ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவும். 2011இல் உயிருள்ள புழுவுக்குள்ளும் அளந்து காட்டினார்கள். அந்த டிஎன்ஏ சென்சார் பிஎச் 5.5லிருந்து 7 வரைக்குத்தான் ஏற்றது, செல் விழுங்கியதை லைசோசோமுக்குக் கொண்டுபோகும் பையான எண்டோசோம் அமிலமாகிக்கொண்டே போவதைப் பின்தொடரலாம். லைசோசோமுக்கு வேறு சாயம் வேண்டும்.

எந்த விகிதத்துக்கு எந்த பிஎச் என்று கோடு போடும் அளவுத்திருத்தத்தை டெஸ்ட் டியூபோடு நிறுத்திவிடாதே. பொட்டாசியம் மிகுந்த பஃபரில் (பிஎச் மாறாமல் தாங்கும் கரைசல்) நைஜெரிசின் போட்டு, அது சவ்வு வழியாகப் பொட்டாசியத்துக்குப் புரோட்டானை மாற்றிக்கொடுப்பதால் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் பிஎச்சை ஒன்றாக்கி, செல்லை வைத்தே கோடு போட வேண்டும். சாயத்தை அளவுக்கு மீறித் திணித்தாலும் ஆபத்து, அதுவே பஃபராகி எண்ணை மாற்றிவிடும்.

பாளைமாணவி:
நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. எங்கள் துறையில் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரிமீட்டரில் வெறும் ஃப்ளோரசீன் வைத்து இந்த விகிதக் கோட்டைப் போட்டுப் பார்க்கலாமா?

அம்பைஅண்ணாச்சி:
தாராளமாக. 450, 495 நானோமீட்டரில் தூண்டி 520 பக்கம் படி. அதன் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் புரோட்டானைப் பிடித்திருக்கும் பிஎச், 6.4 பக்கம், அதனால் 5லிருந்து 7.5 வரை பஃபரை நெருக்கி நெருக்கித் தயார் பண்ணு.