கூகைப் பெட்டி: வயல் நடுவே கம்பத்திலா, மோட்டார் கொட்டகைக்குள்ளா?

வரப்புமேடு:
மன்னார்குடிப் பக்கம், 6 ஏக்கர், சம்பா. கதிர் பொதி கட்டும் நேரத்துல எலி தூரை வெட்டிச் சாய்க்குது. எலி பிடிக்கிற கூகை (ஆந்தை) கூடு கட்டப் பெட்டி வைக்கணும். வயல் நடுவே கம்பமா, வரப்புத் தென்னையா, மோட்டார் கொட்டகையா? அளவும் சொல்லுங்க.

உளிச்சத்தம்:
கம்பம்தான், வேறு பேச்சே இல்லை. இஸ்ரேலில் பெத் ஷெயான் பள்ளத்தாக்கில் 1983இல் தொடங்கிய கூகைப் பெட்டி வேலை இன்றும் வயல்வெளிக் கம்பங்களில்தான் நடக்கிறது. மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களிலும் அப்படியே. 3 அங்குல ஜிஐ பைப் 18 அடி, அதில் 4 அடி மண்ணுக்குள், கான்கிரீட்டில். சவுக்குக் கட்டை வேண்டாம், நஞ்சையில் தரைமட்டத்திலேயே உளுத்துவிடும். பெட்டி 2 அடிக்கு ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி. அடியிலிருந்து அரையடி மேலே ஓட்டை, வாசலில் உட்கார ஒரு குச்சி, மேலே தகரம். முடிந்தது.

கூகைப்பார்வை:
முடிவது குஞ்சுகளின் கதைதான் ஐயா. ஓட்டை அரையடியில் இருந்தால் பறக்கத் தெரியாத குஞ்சு வாசலுக்கு வந்துவிடும். கூகை 4 முதல் 7 முட்டை வரை, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு இடும்; முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் மூத்ததுக்கும் கடைக்குட்டிக்கும் பத்து நாளுக்கு மேல்கூட வித்தியாசம் வரும். இரை வரும்போது மூத்தது முண்டிக்கொண்டு ஏறும், பின்னால் இருப்பது தள்ளும். தன் குஞ்சு கீழே விழுந்தால் காக்கை தேடிப்போய் ஊட்டும். கூகை அப்படிச் செய்வது மிக அரிது. பட்டினியில் சாகும், இல்லாவிட்டால் கீரி தூக்கும்.

ஓட்டையின் அடிவிளிம்பிலிருந்து பெட்டித் தரை 45 செமீ கீழே இருக்கட்டும். இங்கிலாந்தின் கூகைப் பாதுகாப்பு அமைப்பான பார்ன் அவுல் டிரஸ்ட் சொல்வதும் இதே அளவுதான். வாசல் 13 செமீ சதுரம் போதும். குச்சி காக்கைக்குத்தான் வசதி, கூகைக்குத் தேவையே இல்லை. வெயிலில் ஒற்றைத் தகரம் அக்னி நட்சத்திரத்தில் அடுப்பு. கட்டடத்துக்குள் நிழலில் வையுங்கள். கோபுர மாடத்தையும் பழைய மச்சையும் தேடுகிற பறவை இது.

உளிச்சத்தம்:
ஆழத்தை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வெட்டுக் கணக்கு இது: 12 எம்எம் வெளிப்புறத் தர பிளைவுட், 8க்கு 4 அடி ஷீட் ஒன்றே போதும். குறுக்கே 70 செமீ பட்டை இரண்டு. முதல் பட்டையில் 60 செமீ அகலத்தில் முன்பக்கமும் பின்பக்கமும், இரண்டாவதில் 45 செமீ அகலத்தில் பக்கப்பலகை இரண்டு. அடுத்த 60 செமீ பட்டையில் கூரை 75 செமீ நீளம், தரைப்பலகை 45. பக்கப்பலகைகள் முன்பின் பலகைகளுக்கு இடையில் உட்காரும். தரையை 60லேயே விட்டால் நுழையாது, 57.6க்குச் சீவுங்கள். பின்பக்கத்தை 64ஆகக் குறைத்துப் பக்கப்பலகையின் மேல்விளிம்பைச் சரித்தால் கூரைக்கு வாட்டம் கிடைக்கும். முன்னால் 12 செமீ நீட்டி விடலாம்.

தரையில் 8 எம்எம் துளை ஐந்து. கூரைக்குக் கீழே பக்கத்துக்கு மூன்று காற்றுத் துளை. பக்கப்பலகையின் அடியில் தாழ்ப்பாள் வைத்த கதவு, கூட்டிப் பெருக்க. பெயின்ட் வெளியே மட்டும், வெள்ளை. உள்ளே சொரசொரப்பாக இருந்தால்தான் நகம் பிடித்து ஏறும். தரையில் ஓர் அங்குலம் மரச்சீவல். தகரத்துக்குப் பதில் கூரைமேல் 5 செமீ இடைவெளி விட்டுக் கீற்று வேய்ந்துவிடுங்கள், சூடு இறங்காது.

ஆனால் கொட்டகை நிழல் என்கிறீர்களே, நம் ஊர் மோட்டார் கொட்டகை எட்டடி உயரம், மேலே தகரம். பிற்பகல் 2 மணிக்கு வெளியைவிட உள்ளேதான் வெந்து போகும். பூனை வேறு வரும்.

கூகைப்பார்வை:
தகரக் கொட்டகை என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. காங்கிரீட் தளமோ ஓட்டுக் கூரையோ, பெட்டி குறைந்தது பத்தடிக்கு மேலே, எப்போதும் திறந்திருக்கும் ஒரு சன்னல். இந்த மூன்றும் இருந்தால் மட்டும் கட்டடம். இல்லாவிட்டால் கம்பம், ஆனால் ஐந்தடி உயரத்தில் மூன்றடித் தகரச் சட்டை சுற்றி. அது இல்லையென்றால் மரநாயும் சாரையும் ஏறும்.

தென்னை மட்டும் வேண்டவே வேண்டாம். முட்டை இட்டதிலிருந்து குஞ்சு பறக்க மூன்று மாதத்துக்கு மேல். 45 நாளுக்கு ஒருமுறை காய் பறிக்க ஆள் ஏறினால் ஒரு ஈட்டுக்குள் குறைந்தது இரண்டு தடவை கலைக்கிறோம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாத் தென்னைகளுக்கு ஆன கதியையும் நினைத்துப் பாருங்கள்.

கிட்டிக்கட்டு:
பெட்டி அளவுக்கு இத்தனை சண்டை, 6 ஏக்கருக்குப் பெட்டியே வீண்னு ஒருத்தரும் சொல்லல. கூகை வேட்டையாடுறது சதுர கிலோமீட்டர் கணக்குல. உங்க வரப்பைத் தாண்டித்தான் போகும். வளையிலே இருக்கிற எலிய அது தோண்டி எடுக்காது. ஏக்கருக்கு 30, 40 தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் வில் எலிப்பொறி), கூடவே பனை மட்டை நட்டா போதும். அதுல ராத்திரி ஆந்தை உட்காரும், பகல்ல கரிச்சான் உட்காரும். செலவு பெட்டியில கால்வாசி கூட வராது. பால் பிடிச்சதும் மட்டையைப் பிடுங்கிடுங்க, இல்லேன்னா கதிர் தின்ற குருவிக்குத்தான் ஊஞ்சல்.

கூகைப்பார்வை:
பெட்டியும் மட்டையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை அண்ணே. மட்டை வேட்டைக்கு, பெட்டி குடும்பத்துக்கு. குஞ்சு இருக்கும்போதுதான் ஒரு சோடி ஓர் இரவில் பல எலிகளைத் தூக்கும். 6 ஏக்கர் சிறிது என்பது உண்மை. அதற்குப் பதில் பெட்டியே வேண்டாம் என்பதல்ல. சுற்றி 20, 25 ஏக்கருக்கு ஒன்றென ஊர் கூடி வைப்பது.

கிட்டிக்கட்டு:
ஊர் கூடினா சரி. அப்போ புரோமாடியோலோன் எலி மருந்தையும் ஊரே நிறுத்தணும். உங்க வயலில மட்டும் நிறுத்திப் பயனில்லை.

கூகைப்பார்வை:
இதில் உங்களோடு நூற்றுக்கு நூறு. அந்த மருந்து தின்ற எலி சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். அதுவரை தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் நடக்கும். கூகை முதலில் பிடிப்பது அதைத்தான். நஞ்சு ஈரலில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மருந்து வைக்கிற ஊரில் பெட்டி வைப்பது கூகைக்கே பொறி வைப்பது.

உளிச்சத்தம்:
வாசல் எந்தப் பக்கம்? கிழக்கு என்பேன். மேற்கு வெயில் படாது.

கூகைப்பார்வை:
வடகிழக்குப் பருவமழைச் சாரல் நேராக அடிக்குமே. தென்கிழக்குத் திருப்புங்கள்.

உளிச்சத்தம்:
12 செமீ நீட்டல், 45 செமீ ஆழம், கீழே ஐந்து துளை. இதையும் மீறி நனைந்தால் அது மழை இல்லை, வெள்ளம். கிழக்குதான்.

வரப்புமேடு:
கொட்டகை தகரம்தான், அதனால கம்பம். வீட்டுக் கொல்லையை ஒட்டி நட்டா கண்காணிக்க வசதி. பாட்டி மட்டும் கூகை சாக்குருவி, அலறல் ஆகாதுங்குறாங்க.

கூகைப்பார்வை:
அலறலைவிடப் பெரிய தொல்லை குஞ்சுகள். பொழுது சாய்ந்ததும் தொடங்கி விடிய விடியக் குறட்டைபோல் சீறும், இரை வரும்வரை நிறுத்தாது. வீட்டிலிருந்து 200 மீட்டராவது தள்ளி நடுங்கள். 11 கேவி லைனுக்கும் பெரிய சாலைக்கும் பக்கத்தில் வேண்டாம், கூகை தாழப் பறக்கும். மோட்டார்த் தொட்டி செங்குத்துச் சுவரென்றால் உள்ளே ஒரு மரத்துண்டு மிதக்கட்டும், குளிக்க இறங்கி ஏற முடியாமல் மூழ்கும்.

கிட்டிக்கட்டு:
முதல்ல குடியேறுறது மைனாவா இருக்கும். இல்லேன்னா அடுக்குத் தேனீ. கூகை வர்ற வரைக்கும் கிட்டியைப் பரண்ல போட்டுடாதீங்க.