கறுப்பு சென்சாரா, சாம்பல் சென்சாரா? எஞ்சின் மாற்றிய மான்டே கார்லோ ஸ்டார்ட் ஆகவில்லை

மான்டேகார்லோ87:
வணக்கம் மக்களே. டல்லாஸில் இருக்கிறேன். என் 1987 செவி மான்டே கார்லோவிலிருந்து பழைய 305 எஞ்சினைத் தூக்கிவிட்டு, ஜங்க்யார்டில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம்) வாங்கிய சில்வராடோ டிரக்கின் 5.3 லிட்டர் எஞ்சினை இறக்கியிருக்கிறேன். பிசிஎம்மும் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஹார்னஸும் (வயர் கட்டு) வேறொரு 2004 டிரக்கில் இருந்து எடுத்தவை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் பிரஷர் இருக்கிறது, ஆனால் ஸ்பார்க் இல்லை. ஸ்கேனரில் ஆர்பிஎம் 0-இல் நிற்கும், திடீரென்று ஏதோ ஒரு எண்ணுக்குத் தாவும், மறுபடி 0. கோடு பி0336, அதாவது கிராங்க் சென்சார் சிக்னல் சரியில்லை.

எஞ்சினோடு வந்த கிராங்க் சென்சாரின் (கிராங்க் தண்டு சுற்றுவதைப் படிப்பது) பிளக் என் ஹார்னஸுக்குப் பொருந்தவில்லை. சரி, பழசுதானே என்று அதை மறைக்கிற ஸ்டார்ட்டரைக் கழற்றி, பிளக் பொருந்துகிற மாதிரி புதுசு ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரே போல்ட், ஓட்டையிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. அது வேலை செய்யவில்லை என்று இன்னொன்றும் வாங்கினேன். இரண்டும் பழுதாக இருக்குமா?

கிரீஸ்கை:
சென்சார் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள் தம்பி. எஞ்சினோடு வந்தது என்ன நிறம், நீங்கள் மாட்டியது என்ன நிறம்? கேம் சென்சார் (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைப் படிப்பது) எங்கே இருக்கிறது, எஞ்சினின் முன்பக்க கவரிலா, பின்னால் இன்டேக்குக்குப் பின்புறமா?

மான்டேகார்லோ87:
பழசு சாம்பல், புதுசு கறுப்பு. கேம் சென்சார் முன்பக்கம். ஹார்னஸில் அந்த வயர் பின்னால் இருந்தது, எட்டவில்லை, நான்தான் நீட்டி முன்னால் கொண்டுவந்தேன் 😅

கிரீஸ்கை:
வயரை நீட்டும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்! உங்களிடம் இருப்பது நான்காம் தலைமுறை எஞ்சின், பிசிஎம் மூன்றாம் தலைமுறை. கிராங்கின் பின்முனையில் அழுத்தி ஏற்றிய ரிலக்டர் என்ற பல் சக்கரத்தைத்தான் கிராங்க் சென்சார் படிக்கிறது. பழைய எஞ்சின்களில் அது 24 பல், அதற்குக் கறுப்பு சென்சார், 12 வோல்ட். பிறகு வந்தவற்றில் 58 பல், அதற்குச் சாம்பல், 5 வோல்ட். ஓட்டை ஒன்றே என்பதால் எதை வேண்டுமானாலும் மாட்டலாம், மாட்டிவிட்டால் படித்துவிடும் என்று அர்த்தமில்லை. 24 பல்லை எதிர்பார்க்கிற பிசிஎம்முக்கு 58 பல் சக்கரத்திலிருந்து வருவது வெறும் இரைச்சல். ஆர்பிஎம் தாவுவது அதனால்தான். பாவம், உங்கள் இரண்டு கறுப்பு சென்சாரும் நல்லவையாகவே இருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், யாராவது முன்பே மாற்றியிருக்கலாம். ஆண்டை வைத்தும் சொல்ல முடியாது, 2005 கார்வெட்டின் எல்எஸ்2 எஞ்சின் நான்காம் தலைமுறைதான், ஆனால் 24 பல். சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். 24 பல் சக்கரம் இரண்டு தட்டுகளை ஒட்டிவைத்தது போல இரண்டு வரிசையாகத் தெரியும். 58 பல் சக்கரம் ஒரே வரிசை, பொடிப்பொடியான பற்கள், ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு பல் அளவுக்கு இடைவெளி.

ஓஹயோக்காரன்:
கிரீஸ்கை அண்ணன் சொன்னதே. எனக்குச் சிக்கல் வேறு மாதிரி வந்தது. சென்சார் சரியானதுதான், ஆனால் வயர் ஹெடரை (சூடான புகை போகும் குழாய்) உரசிக்கொண்டு போயிருந்தது. இருபது நிமிடம் ஓட்டினால் வண்டி நின்றுவிடும், ஆறினால் ஸ்டார்ட் ஆகும். ஒரு மாதம் பெட்ரோல் பம்ப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வயரின் உறை உருகி உள்ளே செம்பு பளபளத்தது. மான்டே கார்லோவிலும் அந்த மூலையில் இடம் குறைவு, வெப்பம் தாங்கும் உறை போட்டுவிடுங்கள். சென்சாரின் ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையம்) ஒரு சொட்டு எண்ணெய் தடவி விரலால் அழுத்தினாலே உட்காரும். சுத்தியலால் தட்டி ஒன்றை உடைத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மான்டேகார்லோ87:
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே வரிசை, பொடிப் பற்கள், இடைவெளியும் கண்ணில் பட்டது. 58 தான். ஜங்க்யார்டுக்காரர் 2005 என்று அடித்துச் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். இப்போது எஞ்சினைப் பிரித்துச் சக்கரத்தை மாற்ற வேண்டுமா?

கிரீஸ்கை:
வேண்டவே வேண்டாம், கிராங்கையே வெளியே எடுக்க வேண்டிவரும். ஒரு வழி, 58 பல்லுக்கான இ38 பிசிஎம், அதன் ஹார்னஸ், எலக்ட்ரானிக் த்ராட்டில், பெடல் என்று முழு செட்டாக வாங்குவது. இன்னொரு வழி, 58 பல் சிக்னலை 24-ஆக மாற்றித் தரும் பெட்டி. கேம் சிக்னலையும் சேர்த்து மாற்றுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதுவும் இரண்டு தலைமுறைக்கும் வேறு. பெட்டி என்றால் சாம்பல் சென்சாரைத் திரும்ப மாட்டுங்கள். அதன் பிளக்கை வெட்டி பழைய ஹார்னஸின் 12 வோல்ட்டில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஸ்கேனரில் கிராங்க் ரீலேர்ன் செய்யுங்கள், அதாவது இந்த கிராங்கின் சிக்னலை பிசிஎம்முக்குப் பழக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அது சொல்கிறபடி ஆக்சிலரேட்டரை மிதித்து, பெட்ரோல் கட் ஆனதும் உடனே காலை எடுக்க வேண்டும். ரீலேர்ன் செய்யாவிட்டால் பி0315 கோடு வந்து நிற்கும்.

மான்டேகார்லோ87:
கேபிள் த்ராட்டிலை விட மனசில்லை, பெட்டியே ஆர்டர் போட்டுவிட்டேன். சனிக்கிழமை மறுபடி ஸ்டார்ட்டரைக் கழற்றணும், நாலாவது தடவை. டல்லாஸ் பக்கம் யாருக்காவது கறுப்பு சென்சார் வேண்டுமா? இரண்டு இருக்கிறது, பாதி விலை.