கதைக்குள் இருப்பவர்கள் காதிலும் விழும் பாட்டு: உங்களை உலுக்கிய இடம் எது?

குழாய்க்காரன்:

எங்கள் குடும்பத் தொழில் மைக் செட். பெரியகுளம் பக்கம் ஒரு சின்ன ஊர். எட்டாவது படிக்கும்போதே அப்பாவுடன் போய் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எதுவானாலும் முதல் ரெக்கார்டு சீர்காழியின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. பொண்ணு வீட்டுக்குள் வரும்போது ‘மணமகளே மருமகளே வா வா’. அதற்கு நடுவில் என்ன போடுவது என்பது அப்பாவின் கணக்கு.

குழாயில் கேட்கும் பாட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தபேலாவின் கனம் போய்விடும். குரலும் குழலும் வயலினும்தான் தூரம் போகும். காற்று திரும்பினால் பாதி வரி பக்கத்து ஊருக்குப் போய்விடும். அதைக் கேட்பதற்கென்று யாரும் உட்காருவதில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டே, களை பறித்துக்கொண்டே, அண்ணன் தம்பி வரப்புச் சண்டை போட்டுக்கொண்டே கேட்பார்கள். அந்த நேரத்தில் என்ன நடந்ததோ அது அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு அப்படி ஒட்டியது ‘மன்றம் வந்த தென்றலுக்கு’. ‘மௌன ராகம்’ 1986இல் வந்தது. அந்த வருஷக் கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் அந்த ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல் சரணம் முடியும் நேரம், மூன்றாவது தெருவில் ஒரு பாட்டி தவறிவிட்டார் என்று ஆள் ஓடி வந்தார். “ஊசியைத் தூக்குடா” என்றார் அப்பா. தூக்கினேன். ஊரே சட்டென்று அமைதியானது. அதற்குப் பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. இன்றைக்கும் அந்த இடம் வரும்போது என் வலது கை தானாக நகரும்.

இதனாலோ என்னவோ, படத்தில் எனக்குப் பிடித்த பாட்டு இடங்கள் எல்லாமே கதைக்குள் இருப்பவர்களும் கேட்கிற இடங்கள்தான். கனவுப் பாட்டுகளை நான் குறை சொல்லவில்லை, அவை வேறு வகை. ஒரு பாட்டு டீக்கடையிலோ தெருக் குழாயிலோ ஓட, அது அந்த ஆளின் காதில் விழுந்து, அவன் முகம் மாறுகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

‘சுப்ரமணியபுரம்’ 2008இல் வந்த படம், கதை 1980 மதுரையில் நடக்கிறது. அழகரும் துளசியும் பார்த்துக்கொள்ளும்போது ‘சிறு பொன்மணி அசையும்’ வரும். அதே 1980இல் வந்த ‘கல்லுக்குள் ஈரம்’ படத்தில் இளையராஜா போட்ட பாட்டு. எங்கோ நாலு தெரு தள்ளிக் கட்டிய குழாயிலிருந்து அது வருவது மாதிரியே எனக்குப் படும். ஜேம்ஸ் வசந்தனின் ‘கண்கள் இரண்டால்’ அந்தப் படத்திலேயே இருக்கிறது, அருமையான பாட்டு. ஆனாலும் அந்த இரண்டு பேரும் அந்த வருஷத்தில் உண்மையாகவே கேட்டிருக்கக்கூடிய பாட்டு ‘சிறு பொன்மணி’தானே!

அப்புறம் ‘லப்பர் பந்து’. கிரிக்கெட் படம். கெத்து என்று பட்டப்பெயர் கொண்ட ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கினால் ‘நீ பொட்டு வச்ச தங்கக்குடம்’. 1989இல் விஜயகாந்த் நடித்து வந்த ‘பொன்மனச்செல்வன்’ பாட்டு, மலேசியா வாசுதேவன் குரல். விஜயகாந்த் 2023 டிசம்பரில் போனார், படம் 2024 செப்டம்பரில் வந்தது. தேனியில் தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் அந்தப் பாட்டு வந்தவுடன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது கிரிக்கெட் காட்சி, அழ வேண்டிய இடமே இல்லை.

உங்களுக்கு எந்த இடம்? பாட்டின் பெயரோடு நிறுத்தாமல் அந்தக் காட்சியையும் சொல்லுங்கள்.

தவில் வீட்டுப் பெண்:

அண்ணே, நீங்கள் கேட்டதற்குப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. ‘நலந்தானா’.

என் அப்பா தவில் வாசித்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாலை வரவேற்பில் யாராவது ஒருவர் வந்து நாதஸ்வரக்காரரிடம் ‘நலந்தானா’ கேட்பார். கேட்காத கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அது வெறும் நலம் விசாரிக்கும் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

படத்தைப் பெரியவளாகி முழுசாகப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்துக்குக் கத்திக் காயம். மோகனாவால் அவர் பக்கத்தில் போய் ஒரு வார்த்தை கேட்க முடியாது. சுற்றிலும் சபை, சொந்தக்காரர்கள், அம்மா. அதனால் ஆட்டத்துக்குள்ளேயே கேட்கிறாள். கண்ணதாசன் வரிகளில் கண்பட்டது, புண்பட்டது, பெண் பட்ட பாடு என்று ஒரே ‘பட்ட’தை வைத்து மூன்று விஷயம் வரும். சபைக்கு அது பாட்டு. அவர் ஒருவருக்கு மட்டும் கேள்வி. அவர் பதில் சொல்ல வாய் திறக்க முடியாது, நாதஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளி வாயில் இருக்கிறது. நாதஸ்வரத்தில்தான் பதில் வருகிறது.

அந்த நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜி கன்னம் உப்புவதையும் விரல் போகும் இடத்தையும் பார்த்துவிட்டு, “வாசிக்கத் தெரியாதவர் என்றால் நம்ப முடியாது” என்பார் அப்பா. பாலையா தவிலைப் பற்றி மட்டும் தனியாக அரை மணி நேரம் பேசுவார். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கடைசி வரிசை:

‘நாயகன்’ உங்கள் கணக்கில் வருமா? ‘தென்பாண்டிச் சீமையிலே’ வேலு நாயக்கருக்குக் கேட்கிறதா, நமக்கு மட்டுமா? எனக்கு முப்பது வருஷச் சந்தேகம்.

இரவுப் பணி:

நான் செவிலியர். ‘96’ படத்தை இரவு டூட்டி முடித்துவிட்டுக் காலைக் காட்சியில் பார்த்தேன், 2018இல். தூக்கக் கலக்கத்தில் போனவள் அந்த ஒரு காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஜானு பாடுவாள். ராம் ஒவ்வொரு முறையும் ‘யமுனை ஆற்றிலே’ கேட்பான், நேரில் கேட்கத் தைரியம் இல்லாமல் மற்றவர்கள் மூலமாக. அவள் வேண்டுமென்றே அதை மட்டும் விட்டுவிட்டு வேறு பாட்டு பாடுவாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து அவன் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போகிறது. அவன் விளக்கு எடுக்க உள்ளே போகிறான். இருட்டில் அவள் பாட ஆரம்பிக்கிறாள். அவன் தட்டுத் தடுமாறி ஓடி வருகிறான். அவள் முகத்தைப் பார்க்கும் முன்பே பாட்டு அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

‘தளபதி’யில் அது இரண்டு நிமிடம்கூட வராத பாட்டு. யமுனைக் கரையில் கண்ணனுக்காகக் காத்திருக்கிறாள் ராதை, கண்ணன் வரவில்லை. அந்தச் சின்னப் பாட்டுக்குள் ஜானுவின் கதை முழுசாக இருக்கிறது. காத்திருந்தவள் அவள்தான் என்பது அந்த இருட்டில்தான் எனக்கு உறைத்தது. அதுவரை அவன்தான் காத்திருந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போகாமல் வெளிச்சத்தில் பாடியிருந்தால் இந்தக் காட்சி இவ்வளவு நிற்காது என்பது என் எண்ணம். வார்டில் கரண்ட் போகும் சில நொடிகளில் கவனித்திருக்கிறேன், எல்லோருடைய காதும் அப்போதுதான் திறக்கும்.

கொச்சியில் ஒரு தமிழன்:

2024 பிப்ரவரி கடைசியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ இங்கே கொச்சியில் பார்த்தேன். என்னுடன் வேலை பார்க்கும் மலையாளி நண்பர்கள் நாலு பேர். கொடைக்கானல் குணா குகைக்குழியில் விழுந்த சுபாஷை, குட்டன் கயிற்றில் இறங்கித் தூக்கி வருகிறான். 2006இல் உண்மையாக நடந்தது. இருவரும் மேலே வரும்போது ‘கண்மணி அன்போடு காதலன்’.

‘குணா’வில் அது ஒரு கடிதம். குணா சொல்லச் சொல்ல அபிராமி எழுதுகிறாள். கமல் பேசுவார், ஜானகி அம்மா பாடுவார். இது மனிதக் காதல் அல்ல என்று ஒரு வரி வரும், அதை நான் எத்தனையோ முறை ஆணும் பெண்ணும் சம்பந்தப்பட்ட காதலாகவே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ரத்தமும் சேறுமாக இரண்டு நண்பர்கள் ஒரு கயிற்றில் தொங்கும்போது அதே வரி வந்தது. என் பக்கத்தில் இருந்தவன் “எந்தா அர்த்தம்?” என்று கேட்டான். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவன் அதற்குள் புரிந்துகொண்டு என் தோளில் கை போட்டுக்கொண்டான். தியேட்டர் முழுக்க மலையாளிகள், எல்லோரும் தமிழில் பாடினார்கள். ஊரை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, அந்த மாதிரி ஒரு நிமிஷம் எனக்கு இங்கே கிடைத்ததில்லை.

குழாய்க்காரன்:

செவிலியர் தங்கச்சி சொன்னதையும் கொச்சித் தம்பி சொன்னதையும் சேர்த்துப் படித்தவுடன் உள்ளே போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்த படங்கள். 1991 தீபாவளி, நவம்பர் 5. இரண்டுக்கும் இளையராஜா. நீங்கள் சொன்ன இரண்டு பாட்டும் வாலி எழுதியது. இரண்டு கேசட்டையும் அப்பா பெரியகுளத்தில் வாங்கி வந்தார்.

ஆனால் அந்த வருஷம் நாங்கள் குழாயில் போட்டதெல்லாம் ‘ராக்கம்மா கையத் தட்டு’. ‘யமுனை ஆற்றிலே’ போட்டால் குழாய் கட்டிய வீட்டுக்காரர் வந்து “என்னப்பா, பந்தலில் சத்தமே இல்லை” என்பார். ‘கண்மணி’யில் பேச்சு அதிகம், கல்யாண வீட்டுக் கூச்சலில் யாருக்கும் புரியாது, அதனால் அதையும் தாண்டிவிடுவோம். நாங்கள் தாண்டிப் போன இரண்டு பாட்டுதான் ஒன்று 27 வருஷம் கழித்தும் இன்னொன்று 32 வருஷம் கழித்தும் இப்படித் திரும்பி வந்திருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்ல முடியவில்லையே என்று இருக்கிறது.

கடைசி வரிசை, ‘தென்பாண்டிச் சீமையிலே’ வேலுவுக்குக் கேட்கிறது என்றே நான் நம்புகிறேன். சின்னப் பையனாக இருக்கும்போது கேட்டதை ஆயுள் முழுக்க உள்ளே வைத்திருக்கிறார். ஒவ்வொரு சாவிலும் அது அவருக்குள்ளிருந்துதான் எழுகிறது.

மோகனா பாட்டில் ‘பட்ட’ விஷயத்தை நான் கவனித்ததே இல்லை. தவிலைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள், அம்மா.

பழைய பிலிம் சொசைட்டி:

நல்ல பேச்சு. ஆனால் கதைக்குள் இருப்பவர்களும் கேட்க வேண்டும் என்று குழாய்க்காரத் தம்பி சொல்லும் விதியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, 1955. வெளியூர் போயிருந்த ஹரிஹர் திரும்பி வருகிறார். மகள் துர்காவுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். துர்கா செத்துப்போனது அவருக்குத் தெரியாது. சர்போஜயா அந்தச் சேலையோடு உடைந்து அழுகிறாள். அவள் அழுகைச் சத்தம் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் ஒன்று, ஷெனாய் போல ஒலிக்கும் நரம்பு வாத்தியம், உச்சத்தில் எழும். ரவிசங்கர் இசை, வாசித்தவர் தக்ஷிணாமோகன் தாகூர்.

கதைக்குள் இருக்கும் அந்த இரண்டு பேருக்கும் ஷெனாய் கேட்கவில்லை. நமக்கு அவர்கள் அழுகை கேட்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் பதினாறு எம்.எம். புரொஜக்டரில், துணித் திரையில் பார்த்தேன். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. குரல் கேட்டிருந்தால் அது அவள் ஒருத்தியின் துக்கமாக இருந்திருக்கும். ஷெனாய் வந்ததால் எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். என் தங்கை போனபோது அம்மா அழுத சத்தம் எனக்கு ஞாபகமில்லை, வாய் திறந்திருந்தது மட்டும்தான் ஞாபகம்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் பாட்டே கிடையாது, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தனி ஆல்பத்தின் இசையைத்தான் எடுத்துப் போட்டிருப்பார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை இசை இல்லாமல் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர் காதில் அது விழவில்லை. அதனால் அது குறைந்துபோயிற்றா?

இன்னொன்று கேட்க வேண்டும். அன்றைக்கு ஊசியைத் தூக்கினீர்களே, அந்தப் பாட்டை மிச்சம் எப்போதாவது போட்டீர்களா?

குழாய்க்காரன்:

ஐயா, ‘பதேர் பாஞ்சாலி’ நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன். ‘வீடு’ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, என்னிடம் பதில் இல்லை.

போட்டோம். அந்தப் பாட்டியின் வீட்டிலேயே, வருஷம் திரும்பியதும் பேரனுக்குக் கல்யாணம். மைக் செட் நாங்கள்தான். மத்தியானம் சமையல் நடந்துகொண்டிருந்தது, கூட்டம் இல்லாத நேரம். அப்பா அந்த ரெக்கார்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதலிலிருந்து போட்டேன். பாட்டியின் மருமகள் கிணற்றடியில் பெரிய அண்டாவில் அரிசி களைந்துகொண்டிருந்தார். முதல் சரணம் முடியும் இடத்தில் அவர் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் காதிலும் அன்றைக்கு அது அந்த இடத்தில் நின்றிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். இரண்டாவது சரணம் வந்தது. அவர் குனிந்து மறுபடி அரிசி களைய ஆரம்பித்தார்.