முன்தோலில் ஜிப் மாட்டிக் காயம், டெட்டால் போட்ட பிறகு எரிச்சல் அதிகம். என்ன செய்வது?

கேள்வி: இரவு_ஷிப்ட்

வயது 29. வியாழன் இரவு வேலை முடிந்து பாத்ரூம் போய்விட்டு அவசரமாக ஜிப்பை இழுத்ததில் முன்தோலின் அடிப்பக்கம் பல்லில் மாட்டிக்கொண்டது. வலி தாங்காமல் அப்படியே பிடுங்கிவிட்டேன். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, மேல்தோல் கிழிந்து ரத்தம் வந்தது, கைக்குட்டையால் அழுத்தியதும் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் நனைத்து வைத்தேன். நெருப்பு வைத்த மாதிரி இருந்தது, ஆனாலும் கிருமி சாகட்டும் என்று காலை, மாலை இரண்டு வேளையும் போட்டேன். இன்று ஞாயிறு. கிழிந்த இடம் பரவாயில்லை, அதைச் சுற்றி இருக்கிற தோல்தான் சிவந்து, வெள்ளையாக உரிகிறது. சிறுநீர் போகும்போது எரிகிறது. காலையில் எழும்போது விறைப்பதால் காயத்தின் வாய் திரும்பத் திறந்து ஒரு சொட்டு ரத்தம் வருகிறது. மெடிக்கலில் "அந்த இடத்தில் அரிப்பு" என்று மட்டும் சொன்னேன், ஒரு டியூப் கொடுத்தார்கள், இன்னும் போடவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதம். மனைவியிடமும் சொல்லவில்லை, நான் விலகிப் போவதாக அவள் நினைக்கிறாள். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கேஷுவாலிட்டி_நர்ஸ்

தம்பி, முதலில் டெட்டாலை நிறுத்துங்கள். அதைத் தண்ணீர் கலக்காமல் தோலில் வைக்கவே கூடாது, பாட்டிலிலேயே போட்டிருக்கும். முன்தோலின் உள்பக்கம் உதட்டு உள்பக்கம் மாதிரி மெல்லிசு, அங்கே வைத்தால் வெந்துதான் போகும். நீங்கள் சொல்கிற சிவப்பும் உரிவதும் பெரும்பாலும் ஜிப்பால் வந்தது இல்லை, மருந்தால் வந்த புண். 11 வருஷமாக அவசரப் பிரிவில் ஆண் செவிலியராக இருக்கிறேன், காயத்தை விட வீட்டு வைத்தியம் செய்த கெடுதலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எல்லாம் வைத்துக்கொண்டு வருவார்கள்.

இன்றிலிருந்து இப்படிச் செய்யுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான சாதாரணத் தண்ணீரை மட்டும் காயத்தின் மேல் ஊற்றிக் கழுவுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். அந்த இடத்தில் சோப்பு வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அப்புறம் வாசலின் மாதிரி வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக ஒரு பூச்சு. ஜட்டியில் ஒட்டிக்கொண்டு பிய்வதை அது தடுக்கும். பஞ்சு வைக்காதீர்கள், நூல் காயத்தில் சிக்கிக்கொள்ளும். சிறுநீர் போகும்போது ஒரு குவளைத் தண்ணீரைக் கூடவே ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் பாதியாகக் குறையும். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

காலை விறைப்பை யாராலும் தடுக்க முடியாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். ரத்தம் எட்டிப் பார்த்தால் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நூல், ரப்பர் பேண்ட் எதையும் சுற்றிக் கட்டவே கூடாது. உறவு, சுய இன்பம் இரண்டும் தோல் முழுசாக மூடி, தொட்டால் வலி இல்லை என்கிற வரைக்கும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: கழுவுவதற்காக முன்தோலைப் பின்னால் தள்ளினால் உடனே முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். வீங்கிய தோல் பின்னாலேயே நின்றுவிட்டால் ஆண்குறியின் மொட்டுப் பகுதியை இறுக்கிப் பிடித்து ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். அப்படி ஆனால் காலை வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சரி, மூன்று கேள்வி. கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள்? வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா? அந்த டியூபில் என்ன எழுதியிருக்கிறது?

இரவு_ஷிப்ட்:

அண்ணா, பள்ளியில் போட்ட ஊசிதான் கடைசி. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. டியூபில் குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல் என்று இருக்கிறது.

கேஷுவாலிட்டி_நர்ஸ்:

டியூபைத் தொடாதீர்கள். குளோபெட்டசால் ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு. இந்த மாதிரி மூன்று மருந்து கலந்த களிம்பை அரிப்பு என்று சொன்னாலே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். போட்டதும் சிவப்பு அடங்கும், ஆனால் காயம் ஆறுவது தள்ளிப்போகும், தோல் இன்னும் மெலியும். பள்ளியில் போட்டது என்றால் பத்து வருஷம் தாண்டிவிட்டது, நாளைக்கே போய் டி.டி. ஊசி போடுங்கள். அப்படியே காயத்தையும் காட்டிவிடுங்கள். காய்ச்சல், சீழ், கெட்ட வாடை, வேகமாகப் பரவும் வீக்கம், தோல் கறுப்பது, சிறுநீர் அடைப்பது, இதில் ஒன்று இருந்தாலும் நாளை வரை பொறுக்க வேண்டாம்.

பதில்: மளிகைக்கடை_46

சர்க்கரை கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு எந்த அடியும் படாமலேயே முன்தோல் நுனியில் மெல்லிசாக வெடிப்பு வரும், ஆறும், திரும்ப வரும். தயிர் மாதிரி வெள்ளையாகப் படியும், அரிக்கும். நாலு மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு பவுடர் போட்டுச் சமாளித்தேன். தோல் டாக்டர் பார்த்ததும் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்பினார், வெறும் வயிற்றில் 214. அதுவரை எனக்குச் சர்க்கரை என்றே தெரியாது. சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் வெடிப்பும் நின்றது. பிறகு டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரை சேர்த்தபோது மறுபடி வந்தது, அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை என்பதால் அங்கே பூஞ்சை வளர வாய்ப்பு அதிகமாம். டாக்டரிடம் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார். நாமாக நிறுத்தக் கூடாது. காரணமே இல்லாமல் அடிக்கடி வெடித்தால் சர்க்கரை பாருங்கள்.

பதில்: டெய்லர்_மகன்

இனி யாருக்காவது மாட்டினால் பிடுங்காதீர்கள். தேங்காய் எண்ணெயோ பேபி ஆயிலோ தாராளமாக ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் சில நேரம் தானாக வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் ஜிப் ரன்னரின் முன்தகட்டையும் பின்தகட்டையும் இணைக்கிற சின்னப் பாலத்தைக் கட்டரால் வெட்டுவார்கள், இரண்டு தகடும் பிரிந்து பல் தானாகத் திறந்துவிடும். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் எடுத்தார்கள், தையல்கூட இல்லை.

இரவு_ஷிப்ட்: (புதன்)

திங்கள் காலை அரசு மருத்துவமனைக்குப் போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில் "என்ன பிரச்சினை" என்று சத்தமாகக் கேட்டார்கள், பின்னால் வரிசை, வாய் வரவில்லை. "தோல்" என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் கேட்கவில்லை, தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் திரையை இழுத்துவிட்டு இரண்டு நிமிடம் பார்த்தார். கிழிசல் சின்னதுதான், சுற்றியிருப்பது டெட்டாலால் வெந்தது என்றார். ஊசி போட்டார்கள், சர்க்கரை 118, சாப்பிட்டுவிட்டுப் போனதால் அது பரவாயில்லை என்றார். ஐந்து நாளைக்கு மியூபிரோசின் என்கிற ஆன்டிபயாடிக் களிம்பு, மற்றபடி நீங்கள் சொன்ன அதே தண்ணீரும் வாசலினும். இன்று எரிச்சல் கிட்டத்தட்ட இல்லை. மனைவியிடம் சொல்லிவிட்டேன். "இதைச் சொல்ல நாலு நாளா?" என்று அழுதுவிட்டாள். அதுதான் காயத்தை விட அதிகம் வலித்தது.

கேஷுவாலிட்டி_நர்ஸ்:

நல்லது தம்பி. இரண்டு வாரம் பொறுங்கள். ஆறிய பிறகு, குளிக்கும்போது தோல் முன்பு மாதிரி இழுபடாமல் பின்னால் போகிறதா என்று பாருங்கள். தழும்பு வளையம் மாதிரி இறுக்கிப் பிடித்தால் வலிந்து இழுக்காமல் அதே டாக்டரிடம் காட்டுங்கள்.