பாஸ் அவுட்: மயக்கமா, பயிற்சி முடிந்ததா?

குன்னூரிலிருந்து:
பெரியவன் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் ராணுவப் பயிற்சி முடித்த அன்று, டெக்சாஸில் இருக்கும் தங்கை மகளுக்கு வாட்ஸ்அப்பில் "அண்ணன் பாஸ்டு அவுட் டுடே" என்று அனுப்பினேன். உடனே போன். "பெரியம்மா, அண்ணனுக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரியில சேர்த்துட்டீங்களா?" குரலே நடுங்கியது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அவளுக்கு அது மயங்கி விழுவதுதான். அணிவகுப்புப் படங்களைப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

நான் எழுதியதும் சரியான ஆங்கிலம்தான். ராணுவத்திலோ போலீஸிலோ பயிற்சி முடித்து வெளியே வருவதை பிரிட்டிஷ்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாசிங் அவுட் பரேடு என்ற பெயரே அதில் வந்ததுதானே. வெலிங்டன் வெள்ளைக்காரர் காலத்துக் கண்டோன்மென்ட். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அந்தப் பேச்சு எழுந்தாலே எல்லோருக்கும் முகம் மலரும்.

கொடைக்கானலிலிருந்து:
எங்கள் மலையில் அமெரிக்க வாடை அதிகம். 1845-லேயே அமெரிக்க மிஷனரிகள் இங்கே வந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். ஒரு பயிற்சி வகுப்பில் அமெரிக்க ஆசிரியை ஒருவர் தாள் கட்டு ஒன்றை என் பக்கத்தில் இருந்த அக்காவிடம் நீட்டி, "பிளீஸ் பாஸ் தீஸ் அவுட்" என்றார். அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். கையில் இருந்த கட்டுதான் விளக்கியது: எல்லோருக்கும் கொடுங்கள் என்கிறார்!

கோத்தகிரியிலிருந்து, ஆங்கில ஆசிரியை:
இரண்டு பேருக்கும் நன்றி, இதை அப்படியே வகுப்பில் சொல்லப்போகிறேன். பிள்ளைகள் அகராதியில் மூன்று பொருளையும் மனப்பாடம் செய்துவிட்டு, வாக்கியத்தில் பார்த்ததும் தடுமாறுகிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பது, வினையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க. தாள், புத்தகம் என்று ஒரு பொருள் கூடவே வந்தால் விநியோகம். அந்தப் பொருளை நடுவிலும் வைக்கலாம், "பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்" என்று. 'தெம்' என்று சுட்டினால் அது நடுவில்தான் வரும், "பாஸ் தெம் அவுட்". அகாடமி, ரெஜிமென்ட் என்று இடத்தின் பெயர் தொடர்ந்தால் பயிற்சி முடித்தது. ஒன்றுமே இல்லாமல் ஆள் மட்டும் நின்றால், பெரும்பாலும் மயக்கம். பெரியம்மா அனுப்பிய செய்தியில் இடத்தின் பெயர் இல்லை, அதனால்தான் அந்தப் பெண் பதறியிருக்கிறாள்.

நம் ஊரில் கல்லூரிப் படிப்புக்கும் இதையே சொல்கிறோம், "2021 பாஸ் அவுட்" என்று. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், அதைத் தவறு என்று நான் திருத்துவதில்லை. ஆனால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் என் பழைய மாணவர்கள் கேட்டால், "கிராஜுவேட்டட்னே எழுதுப்பா" என்றுதான் சொல்கிறேன்.