முந்திரிப்பழ சிரப் அறிமுகம்: ஏஐ எழுதிக் கொடுத்த பத்திரிகைச் செய்தியை அப்படியே அனுப்பலாமா?

காடாம்புலியூர்ப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூரில் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர் இருக்கிறோம். முந்திரிப்பழத்தில் சிரப் தயாரிக்கிறோம். அடுத்த மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஓர் அறிமுக விழா. குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான். கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் பத்திரிகைக்குச் செய்தி எழுதும் வேலையும் என்னிடம் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் கொட்டைக்குத்தான் விலை. சித்திரை மாதம் தோப்புக்குள் போனால் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவார்கள். ஒரு நாள் வைத்தால் புளித்து நாறும். கடித்துச் சாப்பிட்டால் தொண்டையைப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பை எடுக்கத்தான் எங்களுக்கு இரண்டு பருவம் ஆனது. சாற்றில் ஜவ்வரிசிக் கஞ்சியைக் கலந்து அசையாமல் வைத்தால் துவர்ப்பு கஞ்சியோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்து, சர்க்கரை போட்டுக் காய்ச்சுகிறோம்.

நேற்று இரவு ஏஐயிடம் பத்து வரி விவரம் கொடுத்தேன். அரை நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டது. தலைப்பு, ஊர், தேதி, கடைசியில் குழுவைப் பற்றி ஒரு பத்தி என்று பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் நான் சொல்லாத நான்கு விஷயங்கள் அதில் இருக்கின்றன: ‘இந்தியாவிலேயே முதன்முறையாக’, ‘ஆரஞ்சைவிட 5 மடங்கு வைட்டமின் சி’, ‘சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது’, ‘புவிசார் குறியீடு பெற்ற பண்ருட்டி முந்திரியில் தயாரானது’.

அப்புறம், எங்கள் தலைவி பெரியம்மா பேசியதாக ஒரு வாசகம்: “கிராமப்புறப் பெண்களின் பொருளாதார விடுதலைப் பயணத்தில் இது ஒரு மைல்கல்.” பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “நான் எப்பம்மா இதச் சொன்னேன்?” என்றார். 30 வருடம் கொட்டை உடைத்தவர். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் தோல் உரிந்து கறுத்த கை அது. அவர் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அவர் சரி என்று சொல்லிவிட்டால் அந்த வாசகத்தை வைத்துக்கொள்ளலாமா? மற்ற நான்கில் எதை விடலாம், எதை எடுக்க வேண்டும்? ஏஐ எழுதியது என்று தெரிந்தால் பத்திரிகையில் போடமாட்டார்களா?

கெடிலக்கரை:

தங்கச்சி, நான் திருப்பாதிரிப்புலியூர். 14 வருடம் பகுதி நேர நிருபராக இருந்தவன். யார் எழுதியது என்று பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் கேட்கமாட்டார்கள். விவரம் சரியா, போன் செய்தால் பதில் சொல்ல ஆள் உண்டா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். ‘பெருமிதம் கொள்கிறது’, ‘புரட்சிகரமான’ என்று வந்தால் முதல் வேலையாக அடித்துவிடுவோம். நீங்கள் அந்தச் சொற்களுக்கு இடம் கொடுத்தால் விலையும் விற்கும் இடமும் கீழே போய்விடும். இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். அதனால் என்ன பொருள், யார் செய்வது, எங்கே, என்றைக்கு, என்ன விலை என்பதெல்லாம் முதல் இரண்டு பத்திக்குள் வந்துவிட வேண்டும்.

‘முதன்முறையாக’ என்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கோவாவில் முந்திரிப்பழத்தில் ஃபெனி என்ற மதுவைக் காய்ச்சுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. 2009-லேயே அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கேரளத்தில் வேளாண் பல்கலைக்கழகமே முந்திரிப்பழ சிரப் செய்முறையைச் சொல்லிக் கொடுக்கிறது. இது தெரிந்த ஒரு வாசகர் கடிதம் போட்டால் போதும், செய்தி போட்ட நிருபர் அடுத்த முறை உங்கள் போனை எடுக்கமாட்டார்.

மெயிலில் செய்தியை நேரடியாக யூனிகோடில் ஒட்டி அனுப்புங்கள். பி.டி.எஃப். வேண்டாம், திரும்ப டைப் அடிக்க யாருக்கும் நேரமில்லை. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். மேடையில் குத்துவிளக்கு ஏற்றும் படம் எல்லோரும் அனுப்புவது. ஜவ்வரிசிக் கஞ்சி கலக்கும் படம் இருக்கிறதா? அதை அனுப்புங்கள்.

வில்லியனூர் லேபிள்:

நான் புதுச்சேரியில் ஊறுகாய், தொக்கு செய்து விற்கிறேன். வைட்டமின் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நானே ஒரு முறை இதில் மாட்டி, ஒட்டிய லேபிளையெல்லாம் உரித்தேன்.

ஏஐ சொல்லும் 5 மடங்கு, பறித்த பழத்துக்கு உள்ள கணக்கு. வைட்டமின் சி சூடு பட்டால் குறையும். நீங்களோ காய்ச்சுகிறீர்கள். உங்கள் பாட்டிலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த அறிக்கை கையில் இல்லாமல் எண் போடாதீர்கள். உணவுப் பொருள் விளம்பரத்துக்கும் அதில் சொல்லும் பலன்களுக்கும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-இல் தனி விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது. சொல்வதற்கு ஆதாரம் வேண்டும்.

சர்க்கரை நோய் வரியை இன்றைக்கே அழித்துவிடுங்கள். சர்க்கரை போட்டுக் காய்ச்சிய சிரப்பை நம்பி ஒரு வயதானவர் குடித்துவிட்டால் என்ன ஆகும்? சட்டமெல்லாம் அப்புறம். புவிசார் குறியீடும் அப்படித்தான். அது எந்தப் பொருளுக்குப் பதிவானதோ அதற்கு மட்டும்தான். அந்தப் பெயரைப் போட்டு விற்க, 1999 சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் சுடுமண் பொம்மைக்குக் குறியீடு இருக்கிறது. அதற்காக வில்லியனூரில் செய்யும் என் ஊறுகாயில் அதைப் போட முடியுமா?

கடலோரம்:

பெரியம்மா வாசகத்தைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. பெரிய கம்பெனிகளில் எம்.டி. பேசியதாக வருவதை பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஆட்கள்தான் எழுதுகிறார்கள், அவர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். உங்கள் பெரியம்மாவும் ஒப்புக்கொண்டால் தப்பில்லையே?

கெடிலக்கரை:

தப்பு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் விழாவில் நிருபர் நேராகப் பெரியம்மாவிடம் போய் மைக்கை நீட்டுவார். அப்போது அவர் என்ன சொல்வார்? தங்கச்சி, அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து எடுங்கள். ஏஐயிடம், ‘இந்த விவரங்களை மட்டும் வைத்து எழுது, தெரியாத இடத்தில் கோடு போட்டு விடு, யார் பேசியதாகவும் நீயாக எழுதாதே’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள்.

காடாம்புலியூர்ப் பெண்:

அண்ணன்களுக்கும் மற்றவர்களுக்கும் ரொம்ப நன்றி. நான்கு வரியையும் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று வந்தது. அவர் சொன்னது அப்படியே:

“தானே புயல்ல எங்க மரம் பூரா சாஞ்சி போச்சி. மறுபடியும் கன்னு வச்சி, கொடத்துல தண்ணி தூக்கி ஊத்தி வளத்தோம். அது காய்ச்சி வந்த பழத்த மண்ணுல போட மனசு வரல.”

2011 டிசம்பர் 30 அன்று அடித்த புயல். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் இரண்டாவது பத்தியில் வைத்திருக்கிறேன். ஏஐக்குக் கொடுத்த வேலை, விவரங்களை வரிசைப்படுத்துவதும் சந்திப்பிழை பார்ப்பதும்தான். பெரியம்மா பேச்சையும் அது திருத்தி, ‘மனம் வரவில்லை’ என்று ஆக்கியது. பழையபடி மாற்றிவிட்டேன். இப்போது 170 சொற்கள் வருகிறது.

திரும்பப் பெரியம்மாவிடம் வாசித்தேன். இந்த முறை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மற்ற 11 பேர் பெயரும் வர வேண்டும் என்றார். கடைசிப் பத்தியில் சேர்த்திருக்கிறேன். கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்று கெடிலக்கரை அண்ணன் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் 12 பெயரோடுதான் அனுப்பப் போகிறேன்.